ஏரி நடுவே ஓர் இல்லம். வீதியோரம் ஒரு பேழை

பழைய அயர்லாந்தின் நீர்மனைகளும் புதிய காலத்துப் புதையல் வேட்டையும்

புதையல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றுபவை எவை? செப்புக்குடம், பொற்காசு, நள்ளிரவு, மண்வெட்டி. இவற்றுக்கெல்லாம் காவலாக ஒரு பூதம். சிறு பராயத்திலே பாட்டிமார் சொன்ன கதைகளின் பயன் இது. ஆனால், பொன்னுமின்றிப் பூதமுமின்றி, மண்ணைத் தோண்டவே கூடாது என்ற நிபந்தனையோடு ஒரு புதையல் வேட்டை இன்று உலகமெங்கும் நடைபெறுகின்றது. கண்டுபிடித்தவர் புதையலை வீட்டுக்குக் கொண்டு செல்வதில்லை. உள்ளேயிருக்கும் தாளிலே தமது பெயரை எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே அதனை வைத்துவிட்டுத் திரும்புகின்றார்.

இத்தகைய புதையற் பெட்டிகளுள் ஒன்று அயர்லாந்திலே, ஏரியொன்றை நோக்கிய வீதியோரத்தில் ஒளித்து வைக்கப்பட்டுள்ளது. பெட்டிக்கென்று பெறுமதி ஏதுமில்லை. ஆயினும், அதனைத் தேடி வந்தவர் தலை நிமிர்ந்து பார்ப்பாராயின், நீரின் நடுவே சிறியதொரு தீவு அவர் கண்ணிற்படும். அத்தீவு இயற்கை தந்ததன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் மனிதர் மரத்தையும் கல்லையும் நீரில் இட்டுக் கட்டியெழுப்பிய குடியிருப்பு அது. ‘கிரனோக்’ என்பது அதன் பெயர். வீதியோரத்துப் பெட்டியின் உண்மையான பயன், இத்தீவைப் பார்க்கச் செய்வதேயாகும்.

பார்ப்பது ஒரு பெரிய காரியமா என்று வாசகர்கள் வினவக்கூடும். கிரனோக்குகளை மனிதர் எவ்வாறு நடத்தினர் என்ற வரலாற்றை அறிந்தால், எதையும் எடுக்காமற் பார்த்துவிட்டுப் போவது எத்துணை அரிய பண்பு என்பது விளங்கும்.

செய்மதி காட்டும் வழி

முதலில் இவ்விளையாட்டின் பிறப்பைப் பார்ப்போம். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் ஐக்கிய அமெரிக்காவின் வழிகாட்டுச் செய்மதிகள் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் சமிக்ஞைகளைப் பெறும் சிறு கருவி, தான் நிற்கும் இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கணித்துச் சொல்லிவிடும். படைத்துறைத் தேவைக்கென அமைந்த ஏற்பாடாதலின், பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை புகுத்தப்பட்டிருந்தது. அதனால் 100 மீற்றர் வரை கணக்குத் தவறுவதுண்டு. 2000ஆம் ஆண்டு மே மாத ஆரம்பத்தில், ஜனாதிபதி பில் கிளின்டனின் ஆணைப்படி இப்பிழை நீக்கப்பட்டது.

அடுத்த நாளே, மே 3ஆம் திகதி, ஒறிகன் மாநிலத்திலே டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியிற் சில பொருட்களை இட்டுக் காட்டோரத்தில் மறைத்து வைத்தார். அவ்விடத்தின் ஆள்கூறுகளை இணையத்தின் மூலம் அறிவித்து, முடிந்தவர் கண்டுபிடிக்கலாம் என்றார். ஒரு பொருளை எடுப்பவர் வேறொரு பொருளை வைக்கவேண்டும் என்பதே நிபந்தனை. மூன்று நாட்களுக்குள் அது கண்டுபிடிக்கப்பட்டது. அம்மாத முடிவிலேயே இவ்விளையாட்டு ‘ஜியோகாஷிங்’ என்று பெயர் பெற்றது. புவியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், மறைத்து வைத்த பண்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லும் கூடிய பெயர் அது. தமிழில் ‘மறைபேழை வேட்டை’ எனலாம். இன்று உலகில் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பேழைகள் மறைந்து கிடக்கின்றன. கைத்தொலைபேசி உள்ள எவரும் அவற்றைத் தேடலாம்.

இதற்கு ஒரு முன்னோடியும் உண்டு. 1854ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டாட்மூர் மேட்டு நிலத்திலே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, எளிதில் எட்டமுடியாத ஓரிடத்தில் ஒரு போத்தலை வைத்தார். நடந்து வந்து சேர்ந்தவர்கள் தமது பெயரட்டையை அதிலே இட்டுச் சென்றார்கள். வந்தேன், கண்டேன் என்று எழுதி வைப்பதில் மனிதனுக்கு எக்காலத்திலும் ஒரு தனி மகிழ்ச்சி இருந்திருக்கின்றது.

மரத்தினால் ஆன தீவு

இனி ஏரிக்கு வருவோம். ஐரிஷ் மொழியிற் ‘கிரன்’ என்றால் மரம். அதிலிருந்து வந்ததே கிரனோக் என்ற பெயர். அயர்லாந்துத் தீவில் 1,200க்கும் மேற்பட்ட கிரனோக்குகள் அறியப்பட்டுள்ளன. ஏரிகள் மலிந்த வடக்கு, வடமேற்கு, நடுநாட்டுப் பகுதிகளிலேயே அவை மிகுதி. கவன், மொனஹன், லீட்ரிம், ரொஸ்கொமன், பேர்மனா முதலிய கோட்டங்களில் நீர்நிலைகளை நோக்குவோர், வட்டமாகவும் சிறியதாகவும் மரஞ்செடிகள் அடர்ந்து நிற்கும் தீவுகளைக் காணலாம். பார்வைக்கு ஒரு புதர்போலத் தோன்றும் அவற்றுட் பல, ஒரு காலத்திற் பிள்ளைகள் ஓடி விளையாடிய முற்றங்கள்.

அவற்றை அமைத்த விதம் வியப்புக்குரியது. கரைக்குச் சிறிது தூரத்தில், ஆழங்குறைந்த இடமொன்றைத் தேர்ந்தனர். சுள்ளியும் மிலாறும், கல்லும் களிமண்ணும், சதுப்பு நிலத்து மண்ணும், பெருமரத் துண்டுகளும் அடுக்கடுக்காக நீரில் இடப்பட்டன. அவை சரிந்து போகாதபடி சுற்றிலும் கூரிய மரக்கம்பங்கள் ஏரியின் அடிநிலத்தில் இறுக்கப்பட்டன. நீருக்கு மேலே மேடை எழுந்ததும், அதனைச் சுற்றி மரவேலி நின்றது. உள்ளே வரிச்சுப் பின்னிய சுவரோடு வட்டவடிவான வீடும், நடுவில் அடுப்பும் அமைந்தன. கரைக்குப் போய்வர, ஒரே மரத்தைக் குடைந்து செய்த வள்ளம் உதவியது. சில இடங்களில் மரப்பாலமோ கல்லடுக்கிய ஒற்றையடிப் பாதையோ இருந்தது.

காலம் எது என்பதை மரமே சொல்கின்றது. பெல்பாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், ஓக் மரத்தின் ஆண்டு வளையங்களை ஒன்றோடொன்று பொருத்தி, 7,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மரக்கணக்கொன்றை 1984ஆம் ஆண்டளவில் நிறைவு செய்தனர். கிரனோக்கிலிருந்து எடுத்த கம்பம் எந்த ஆண்டில் வெட்டப்பட்டதென்று இக்கணக்கின் துணையோடு கூறிவிடலாம். கி.பி. ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பல கிரனோக்குகள் எழுந்தன என்பது இவ்வாறு துணியப்பட்டது. அதற்கும் முன்னரே ஏரியில் வாழ்ந்தோர் உண்டு. பின்னரும், 17ஆம் நூற்றாண்டு வரையில், இத்தீவுகளை நாடியோர் உண்டு. ஆங்கிலப் படைகள் அயர்லாந்தின் வடபுலத்தை அடக்க முயன்ற காலத்தில் கிரனோக்குகள் அரண்களாயின. 1600களின் தொடக்கத்தில் றிச்சட் பாட்லெற் என்பவர் வரைந்த படங்களில், கிரனோக் ஒன்று தாக்கப்படும் காட்சியையே காணலாம்.

வீதியிற் போவோர் காணக்கூடிய கிரனோக்குகளுள் ஒன்று டவுன் கோட்டத்து லொக்பிரிக்லண்ட் ஏரியில் உண்டு. டப்ளினையும் பெல்பாஸ்டையும் இணைக்கும் பெருவீதி அதனை அண்டிச் செல்கின்றது. பழைய ஐரிஷ் வீரகதைகளில் வரும் பிரிக்ரியு என்பவனின் பெயரால் அவ்வேரி அழைக்கப்படுகின்றது. நம் புராணத்து நாரதரைப் போலக் கலகம் மூட்டுவதில் வல்லவன் அவன். விருந்துக்கு அழைத்த மூன்று வீரர்களிடமும் தனித்தனியே, தலைசிறந்த வீரனுக்குரிய பங்கு உனக்கே என்று சொல்லி, அவர்களை மோதவிட்டவன். 1690ஆம் ஆண்டில், மன்னர் மூன்றாம் வில்லியத்தின் சேனையும் பொயின் நதிப் போருக்குச் செல்லும் வழியில் இவ்வூரருகே பாசறை அமைத்தது. கதையும் வரலாறும் கரையோரமாக நடந்து சென்றுவிட்டன. தீவு மாத்திரம் நீர்நடுவே இருக்கின்றது.

அரசனும் அடிமையும்

இத்தீவுகளில் வாழ்ந்தவர் யாவர்? சிலவற்றில் அரசர் வாழ்ந்தனர். மீத் கோட்டத்தில், டன்ஷாக்லின் என்ற ஊரருகே இருந்த லகோர் கிரனோக், தென்பிரேகா நாட்டு மன்னரின் இருப்பிடம். 850ஆம் ஆண்டில் வடபிரேகா மன்னனான கினேட் என்பவன், வைக்கிங் கொள்ளையரைத் துணைகூட்டிக் கொண்டு, அதனைத் தரைமட்டமாகத் தீக்கிரையாக்கினான் என்று பழைய ஆண்டுக்குறிப்புகள் கூறுகின்றன. அடுத்த ஆண்டில் அவன் பிடிக்கப்பட்டு, நீரில் அமிழ்த்திக் கொல்லப்பட்டான். நீர் நடுவே நின்ற மனையை நெருப்பால் அழித்தவனுக்கு நீரே தண்டனையாயிற்று.

லகோரிலே அழகிய கண்ணாடி வேலைப்பாடுகளும் நெசவுத் துணித்துண்டுகளும் கிடைத்தன. இரும்பினாலான கழுத்து விலங்கொன்றும் சங்கிலியோடு கிடைத்தது. பழைய ஐரிஷ் சட்டநூல்களிற் பெரும் பெறுமதிகளை அளக்க வழங்கிய அலகு ‘குமல்’ எனப்பட்டது. அடிமைப் பெண் என்பதே அச்சொல்லின் பொருள். அரசனின் அணிகலனும் அடிமையின் விலங்கும் ஒரே மேட்டில் இருந்தன. அக்காலத்து வாழ்வின் ஒளியும் இருளும் அவ்வாறு நமக்கு ஒருங்கே தெரியவருகின்றன.

எல்லாக் கிரனோக்குகளும் அரண்மனைகள் அல்ல. கைவினைஞர் உலோகம் உருக்கிய பட்டறைகளும், சாதாரண குடியானவர் வாழ்ந்த எளிய மனைகளும் அவற்றுள் உண்டு. வெஸ்ட்மீத் கோட்டத்துப் பாலிண்டெரிக் கிரனோக்கில் 1932ஆம் ஆண்டில் ஓர் ஆட்டப்பலகை கிடைத்தது. வரிசைக்கு ஏழாக 49 குழிகள். இருபுறமும் தலையுருச் செதுக்கிய கைப்பிடிகள். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அப்பலகை இன்று டப்ளினிலுள்ள அயர்லாந்துத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. மழைநாளில் அடுப்பருகே அமர்ந்து அதில் ஆடியவர் யாரோ! வென்றவர் யாரோ!

நூற்றைம்பது வண்டி எலும்பு

இத்தகைய செல்வத்தை உலகம் முதலில் எவ்வாறு வரவேற்றது என்பதைச் சொல்ல வேண்டும். 1839ஆம் ஆண்டில் லகோரிலே, வற்றிப்போன ஏரி நிலத்தில் ஓடையைத் துப்புரவு செய்த தொழிலாளர் ஒரு மேட்டை வெட்டினர். அதனுள்ளே விலங்கெலும்புகள் குவியல் குவியலாகக் கிடந்தன. எலும்பு வியாபாரிகள் விரைந்து வந்தனர். ஏறத்தாழ 150 வண்டி எலும்புகள் விலையாகி, பசளைக்காக ஸ்கொட்லாந்துக்கு ஏற்றப்பட்டன. எலும்போடு வெளிவந்த கருவிகளும் அணிகலன்களும் பல கைகளுக்கு மாறின.

இச்செய்தியின் பின் அவ்விடத்தை ஆராய்ந்தவர்கள் ஜோர்ஜ் பெற்றி என்ற அறிஞரும் வில்லியம் வைல்ட் என்ற வைத்தியருமாவர். நாடகாசிரியர் ஒஸ்கார் வைல்டின் தந்தையே இந்த வைத்தியர். அவர் எழுதிய அறிக்கையே கிரனோக்குகளைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கமாயிற்று. ஆனால், அதற்கிடையில் நேர்ந்த இழப்பு ஈடுசெய்ய இயலாதது. இன்று அவ்வெலும்புகள் கைக்குக் கிடைத்திருப்பின், அம்மக்கள் எந்த வயதில் மாட்டைக் கொன்றனர், பாலுக்காக வளர்த்தனரா, உணவுக்காக வளர்த்தனரா என்பனவெல்லாம் கணிக்கப்பட்டிருக்கும். ஓர் அரச குடும்பத்தின் சில நூற்றாண்டுச் சமையற் கணக்கு வயலுக்கு எருவாகிப் போனது.

ஹாவார்ட் பல்கலைக்கழகக் குழுவினர், ஹியூ ஹென்கன் என்பாரின் தலைமையில் 1934 முதல் 1936 வரை லகோரை முறைப்படி அகழ்ந்தனர். கழுத்து விலங்கும் கண்ணாடியும் எஞ்சியதை நமக்குத் தந்தன. எனினும், முன்னரே கலைக்கப்பட்ட மேட்டை அவர்கள் கலைந்தவாறே படிக்க வேண்டியிருந்தது. எந்தப் பொருள் எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்பதே புதைபொருளாராய்ச்சியின் உயிர்நாடி. அத்தொடர்பு ஒரு முறை அறுந்தால் மீண்டும் பொருந்தாது.

நீரே காவலன்

மண்ணிற் புதையும் மரமும் தோலும் துணியும் விரைவில் உக்கிப் போகும். கிரனோக்கில் அவை ஆயிரம் ஆண்டு கடந்தும் நிலைப்பதேன்? நீர் தோய்ந்த சேற்றிலே பிராணவாயு புகுவதில்லை. உக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் அங்கே தம் தொழிலைச் செய்ய முடிவதில்லை. ஆகவே சப்பாத்தும் சீப்பும், கிண்ணமும் கயிறும் கிடந்தபடியே கிடக்கின்றன. ஏரி வற்றினாலோ, வடிகால் வெட்டி நீரை இறக்கினாலோ, காற்றுப் புகுந்து அழிவைத் தொடங்கிவிடும்.

மனிதரின் ஆசையும் இக்காவலை மீறியதுண்டு. உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் கருவிகள் மலிந்த காலத்தில், கிரனோக்குகளைத் துழாவிப் பொருள் தேடுவோர் பெருகினர். லோங்போட் கோட்டத்து லொக் கினேல் ஏரியில், 1986ஆம் ஆண்டில், கிரனோக் ஒன்றின் அருகே நீரடியிலிருந்து ஒரு பேழை வெளிவந்தது. எட்டாம் நூற்றாண்டிலே திருநூல் ஒன்றை வைப்பதற்காகச் செய்யப்பட்ட பேழை அது. அயர்லாந்தில் அறியப்பட்ட நூற்பேழைகளுள் மிகப் பழையதும் மிகப் பெரியதும் அதுவே. துண்டு துண்டாகக் கிடைத்த அதனைத் தேசிய நூதனசாலை காப்பாற்றியது. அவ்வாறு நூதனசாலையை அடையாமற் போன பொருட்களின் தொகையை எவர் அறிவார்? 1987ஆம் ஆண்டில், அனுமதியின்றி உலோகங்காட்டும் கருவியாற் பழம்பொருள் தேடுவதைத் தடுக்கும் சட்டத்திருத்தம் வந்தது. உரிமையாளர் அறியப்படாத பழம்பொருட்கள் அரசுக்கே உரியவை என்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது.

வீதி வந்த கதை

சட்டம் இருந்தும் ஆபத்து நீங்கிவிடவில்லை. வட அயர்லாந்தின் எனிஸ்கிலன் நகரருகே ட்றம்கிளே என்னுமிடத்தில் ஒரு கிரனோக் இருந்தது. 2012ஆம் ஆண்டில் புதிய இணைப்பு வீதியொன்றுக்கான வேலை அங்கே நடைபெற்றது. சூழ்ந்திருந்த நீர் வடிக்கப்பட்டபோது, உள்ளே உறங்கிய மரமனைகளுக்கு ஆபத்து நேர்ந்தது. அறிஞரும் ஊராரும் குரல் எழுப்பினர். சூழல் அமைச்சர் தலையிட்டு, அவ்விடத்தைச் சுற்றி வீதிவேலை நடைபெறலாகாது என்று எல்லை வகுத்தார். அகழ்வுக்குரிய காலம் 2013ஆம் ஆண்டு வரை நீடிக்கப்பட்டது.

அதன் பயன் பெரிது. வீட்டின்மேல் வீடாக ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக் குடியிருப்பு அங்கே அடுக்கப்பட்டிருந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. தோற் சப்பாத்துகள், எலும்புச் சீப்புகள், ஆட்டக் காய்கள், அடியிலே சிலுவை செதுக்கிய மரக்கிண்ணம் ஆகியவை அவற்றுட் சில. அரசர் வரலாற்றில் இடம்பெறாத தாயும் பிள்ளையும் அன்றாடம் கையாண்ட பண்டங்கள் இவை. ஆனால், ட்றம்கிளேக் கிரனோக் இன்று இல்லை. அகழ்ந்தெடுத்த பின்னர், வீதி தன் வழியே சென்றுவிட்டது. பொருட்கள் பிழைத்தன, இடம் பிழைக்கவில்லை.

எடுக்காத வேட்டை

இவ்வரலாற்றின் பின்னணியில் வீதியோரத்து மறைபேழையை மீண்டும் நோக்குவோம். தேடி வருபவரின் கையில் மண்வெட்டி இல்லை. பேழையைப் புதைக்கக் கூடாது. தோண்டி எடுக்கவும் கூடாது என்பது இவ்விளையாட்டின் விதி. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். பழஞ்சின்னங்களுக்குக் கேடு நேரக்கூடிய இடங்களிற் பேழை வைக்கலாகாது. ஒன்றுக்கொன்று 161 மீற்றராவது இடைவெளி விட வேண்டும். உள்ளிருக்கும் சிறு பண்டமொன்றை எடுப்பவர், அதே பெறுமதியுள்ள வேறொன்றை வைத்தல் வேண்டும். பெட்டி மிகச் சிறிதாயின் அதுவும் இல்லை. பெயரெழுதும் தாள் ஒன்றே இருக்கும்.

ஆகவே, ஏரியை நோக்கும் வீதியோரமே பேழைக்கு ஏற்ற இடம். தீவிலே அதனை வைத்திருந்தால், தேடுவோர் கால் பட்டுக் கரை சரியும், செடி மிதிபடும், கல் புரளும். வீதியோரத்தில் வைத்தமையால், வருவோர் தூரத்தில் நின்றே தீவைக் காண்கின்றனர். மோட்டார் வண்டியில் விரைந்து சென்றிருக்கக் கூடிய ஒரு குடும்பம், பிள்ளைகளின் ஆவலினால் அங்கே சிறிது நேரம் தரிக்கின்றது. “அந்தத் தீவில் யார் இருந்தார்கள், அப்பா?” என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அப்பேழையை வைத்தவரின் நோக்கம் நிறைவேறிவிடும்.

சட்டமும் அமைச்சரின் ஆணையும் ஓர் எல்லைவரைதான் காக்கும். ட்றம்கிளேயில் அகழ்வுக்கு அவகாசம் கிடைத்தது, அவ்விடத்தின் அருமையை அறிந்த சிலர் குரல் எழுப்பியதனாலேயாம். தெரியாத பொருளுக்காக எவரும் வழக்காட மாட்டார். ஏரி நடுவே நிற்பது வெறும் புதரென்று நினைக்கும் ஊரில், அதனை வெட்டி வீதி போட்டாலும் கேட்பாரில்லை. அதுவே ஒருவரின் வீடு என்று அறிந்த ஊரில், முதற் கம்பம் பிடுங்கப்படுமுன் பத்துப் பேர் வந்து நிற்பர். சில சதங்கூடப் பெறாத பெட்டி செய்யும் தொண்டு இத்தகையது.

1839ஆம் ஆண்டில் லகோருக்கு வந்தவர்கள் வண்டி நிறைய ஏற்றிச் சென்றனர். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதி வைக்கவில்லை. இன்று வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புகின்றனர். வந்த நாளையும் தமது பெயரையும் மாத்திரம் எழுதி வைக்கின்றனர். பழமையான ஓரிடத்துக்குச் செல்லும் பெற்றோர், அங்கிருந்து ஒரு கல்லையேனும் ஓட்டுத்துண்டையேனும் கொண்டுவராது, அதன் கதையை மாத்திரம் கொண்டுவரப் பிள்ளைகளைப் பழக்குவார்களாக. கதையை எத்தனை பேர் எடுத்துச் சென்றாலும், அடுத்து வருபவருக்கு அது குறைவதில்லை.